மேய்ச்சற்றரையில் ஒரு விமான நிலையம்

விமானமும் வீதியும் வருமுன்னர், நேபாளத்தின் தலைநகராகிய காத்மாண்டுவில் ஓடிய மோட்டார் வண்டிகள் மனிதரின் தோள்மீது ஏறி வந்தவை. இந்திய எல்லையிலுள்ள ரக்சோலில் இறங்கிய பிரயாணிக்கு அங்கிருந்து அம்லேக்கஞ்ச் வரை சிறிய புகைவண்டி உண்டு. அதற்கப்பால் பீம்பேடி என்னும் மலையடிவாரக் கிராமம் வரை மோட்டார்ப் பாதை உண்டு. பீம்பேடிக்கு அப்பால் சக்கரம் உருளும் வழியே கிடையாது. சுமைகாரர் பல பத்துப் பேர் ஒன்றுகூடி, மூங்கிற் கழிகளாற் பிணைத்த மேடையில் வண்டியை ஏற்றி, அதனைத் தோளிற் சுமந்து, கணவாய்களைக் கடந்து, சந்திரகிரி மலையின் மறுபக்கச் சரிவினூடாகப் பள்ளத்தாக்கினுள் இறக்குவர். ராணா குலத்துப் பிரதம மந்திரிகளின் மாளிகை வாயில்களை அலங்கரித்த பெரும் வண்டிகள் யாவும் இவ்வாறு வந்தவையே. வந்து சேர்ந்தபின் அவை ஓடுவதற்கு அங்கே இருந்தது சில மைல் நீளமான வீதி மாத்திரமே என்பது வேறு கதை. 1920களில் அமைந்த கம்பித்தொடர்ப் பாதையொன்று சரக்குகளை மலைக்கு மேலாகத் தூக்கிச் சென்றது. மனிதர் நடந்தனர், வசதி படைத்தோர் பல்லக்கில் ஏறினர்.

இத்தகைய நகருக்கு விமானம் எத்தகைய மாற்றத்தைக் கொணர்ந்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, அந்நிலத்தின் அமைப்பை முதலில் மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மஞ்சுசிறீ என்னும் போதிசத்துவர் தம் வாளினால் தெற்கு மலையைச் சோபார் என்னுமிடத்தில் வெட்டிப் பிளந்து, ஏரி நீரை வடியச் செய்து, மக்கள் குடியேற வழிசெய்தார் என்று அந்நாட்டார் கூறுவர். பாக்மதி நதி இன்றும் அப்பிளவின் வழியாகவே வெளியேறுகின்றது. நிலநூலார் வாளை ஒப்பமாட்டார்கள். ஆயினும் ஏரியை ஒப்புகின்றார்கள். நகரின் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கும் களியும் மணலும் அவ்வேரியின் அடிமண்ணே. இம்மண்ணைப்பற்றி மீண்டும் பேச நேரும்.

பள்ளத்தாக்கின் தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனைச் சூழ எத்திக்கிலும் மலைகள். வடக்கே சிவபுரியும் தெற்கே புல்சோக்கியும் 2,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. வடக்கு மலைக்கு அப்பால் லாங்டாங் முதலாய பனிமலைகள் தொடங்கிவிடும். ஆகவே நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல இருக்கின்றது. இக்கிண்ணத்தின் கிழக்குப் பாகத்தில், பசுபதிநாதர் ஆலயத்துக்கு அணித்தாக, 'கௌச்சர்' என்று ஒரு வெளி இருந்தது. பசுக்கள் மேயும் இடம் என்பது அப்பெயரின் பொருள். நம் கிழக்கு மாகாணத்தார் மேய்ச்சற்றரை என்பார்களே, அதே சொல்தான். பசுபதியின் அயலிலே பசுக்கள் மேய்ந்த அந்தத் தரையே இன்றைய திரிபுவன் சர்வதேச விமான நிலையம்.

1949ஆம் ஆண்டில் அங்கே முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. நான்கு பேர் அமரக்கூடிய சிறிய பீச்கிராஃப்ட் விமானம் அது. அதில் வந்தவர் நேபாளத்துக்கான இந்தியத் தூதுவர் சுர்ஜித் சிங் மஜீதியா. ஓடுபாதை என்று தனியாக எதுவும் இருக்கவில்லை, புற்றரையே ஓடுபாதை. நாட்கணக்கில் நடந்து கடக்க வேண்டியிருந்த மலைத்தொடரை அவ்விமானம் தேநீர் ஆறுமுன்னே கடந்து வந்தது எனலாம்.

அம்மேய்ச்சற்றரை அரசியலிற் புகுவதற்கு அடுத்த ஆண்டே போதுமானதாயிற்று. நூறாண்டுகளுக்கு மேலாக நேபாளத்து மன்னர்கள் பெயரளவில் மன்னர்களாகவும், ராணா குலத்துப் பிரதம மந்திரிகள் உண்மையில் ஆள்பவராகவும் இருந்தனர். 1950 நவம்பர் 6ஆந் திகதி, மன்னர் திரிபுவன் உல்லாசப் பயணம் போவதாகச் சொல்லிக் குடும்பத்துடன் மோட்டார் வண்டிகளிற் புறப்பட்டார். வழியிலே வண்டிகள் இந்தியத் தூதரகத்தின் வாயிலுக்குள் நுழைந்துவிட்டன. அரண்மனையில் விடப்பட்டிருந்த மூன்று வயதுப் பேரன் ஞானேந்திராவை மறுநாளே ராணாக்கள் அரியணையில் ஏற்றினர். சில நாட்களின் பின் இந்திய விமானங்கள் கௌச்சரில் வந்திறங்கி மன்னரையும் குடும்பத்தாரையும் டில்லிக்கு ஏற்றிச் சென்றன. 1951 பெப்ரவரியில் அவர் அதே புற்றரையில் மீண்டும் வந்திறங்கினார். ராணாக்களின் ஏகபோக ஆட்சி அத்துடன் முடிவுற்றது. நடந்து செல்லும் வழியொன்றே இருந்திருப்பின், கணவாய்களையெல்லாம் தம் காவலில் வைத்திருந்த ராணாக்களைத் தாண்டி மன்னர் எல்லையை அடைந்திருப்பாரா என்பது ஐயமே.

திரிபுவன் 1955ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சூரிச் நகரிற் காலமானார். அவர் மகன் மகேந்திரர் அவ்வாண்டு சூன் மாதத்தில் விமானத் தளத்தை முறைப்படி திறந்துவைத்துத் தந்தையின் பெயரைச் சூட்டினார். 1956இல் இந்திய உதவியுடன் அமைந்த மலைவீதியும் அம்மன்னரின் பெயரையே பெற்றது. அவ்வாறாக, வீதிக்கு ஏழாண்டுகள் முன்னதாகவே விமானம் வந்துவிட்ட தலைநகரம் காத்மாண்டு. 1957இல் புற்றரை கொங்கிரீட்டாயிற்று. 1958இல் ரோயல் நேபாள விமான சேவை ஒரு டக்கோட்டா விமானத்துடன் தொடங்கியது. 1967இல் லுஃப்தான்சா நிறுவனத்தின் போயிங் 707 விமானமொன்று 6,600 அடி நீளமே கொண்ட ஓடுபாதையில் இறங்கி, தாரை விமானமும் இங்கே வரலாம் என்று காட்டியது. பின்னர் ஓடுபாதை 10,000 அடிக்கு, அதாவது 3,050 மீட்டருக்கு நீட்டப்பட்டது. அண்மைக் காலத்தில் மேலும் 300 மீட்டர் கூட்டப்பட்டது. நீளம் கூடியதே தவிர எண்ணிக்கை கூடவில்லை. அன்றும் ஒரே ஓடுபாதை. இன்றும் ஒரே ஓடுபாதை.

இனி, கிண்ணத்தின் அடியில் விமானத்தை இறக்குவது எங்ஙனம் என்று பார்க்கலாம். சமதரையில் அமைந்த விமான நிலையத்துக்கு வரும் விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்கும். ஒரு கிலோமீட்டர் தூரம் முன்னே செல்கையில் ஐம்பது மீட்டரளவு கீழே வரும். பிரயாணி உணராத அளவுக்கு மெதுவான சரிவு அது. கட்டுநாயக்காவுக்குத் தாழ்ந்துவரும் விமானத்தில் இருப்போர் கீழே தென்னைகளையும் நீர்கொழும்புக் களப்பையும் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டே வருவது இச்சரிவினாலேதான். காத்மாண்டுவில் இது இயலாது. வடக்கே பனிமலைகள் நிற்பதனாற் பெரிய விமானங்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்தே வருகின்றன. தெற்கிலும் மலை உண்டு. அம்மலையை நல்ல உயரத்திற் கடந்தாக வேண்டும். கடந்தபின் ஓடுபாதைக்கு எஞ்சியிருக்கும் தூரமோ சிறிது. ஆகவே நீண்டகாலமாக வழக்கில் இருந்த முறையிற் சரிவு 5 பாகைக்கும் அதிகம். கிலோமீட்டருக்குத் தொண்ணூறு மீட்டரளவு இறங்க வேண்டும்.

இவ்விறக்கம் படிக்கட்டுப் போல வகுக்கப்பட்டது. ஓடுபாதையின் அருகே வானொலி அலைகளை வீசும் நிலையமொன்று உண்டு. கடலிற் செல்வோருக்குக் கலங்கரை விளக்கம் எப்படியோ, முகிலிற் செல்வோருக்கு அது அப்படி. தான் எத்திசையில் இருக்கின்றேன், எத்தனை கடல்மைல் தூரத்தில் இருக்கின்றேன் என்பதை அதனைக்கொண்டு விமானி அறிவார். இன்ன தூரத்தில் இன்ன உயரத்துக்குக் கீழே இறங்கலாகாது என்று வரைபடம் கூறும். அத்தூரத்தைக் கடந்தபின்னரே அடுத்த படி. ஒவ்வொரு படியின் கீழும் ஒரு மலைமுகடு இருக்கின்றது என்பதே படிகளின் காரணம். இறங்க முடியாமற் போனால் மீண்டும் எழும்ப வேண்டும்; எழும்பினால் முன்னே வடக்கு மலை. ஆகையால் உடனே திரும்பவும் வேண்டும்.

உயரத்தின் தொல்லை வேறு. ஓடுபாதை 1,338 மீட்டர் உயரத்தில் இருப்பதனால் அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதிலும் எட்டிலொரு பங்கு குறைவு. விமானத்தை ஏந்துவது காற்று. இயந்திரம் உண்பதும் காற்று. ஏந்தும் காற்று மெலிந்தால், அதனை ஈடுசெய்ய விமானம் விரைவாக ஓட வேண்டும். விரைவாக ஓடினால் எழும்பவும் நிற்கவும் கூடிய தூரம் தேவை. வெயில் ஏறிய வேளையிற் காற்று மேலும் மெலியும். ஆகவே சில வேளைகளில் விமானங்கள் பாரத்தைக் குறைத்துப் புறப்பட நேர்கின்றது. சூன் தொடக்கம் செப்தெம்பர் வரை மழைமுகில் மலைகளை மறைக்கும். மாரியிலே வேறு சங்கடம்: இரவிற் குளிர்ந்த கனத்த காற்று கிண்ணத்தின் அடியிற் போய்த் தேங்க, விடியற்காலையில் அது மூடுபனியாகிப் படுத்துக்கிடக்கும். பத்து மணி வரை எழும்ப மறுக்கும் நாட்களும் உண்டு. மேலே பார்த்தால் நீல வானம். கீழே ஓடுபாதை தெரியாது.

1992ஆம் ஆண்டு இவ்விமான நிலையத்தின் வரலாற்றிற் கரிய ஆண்டு. சூலை 31ஆந் திகதி தாய்லாந்து விமான சேவையின் எயார்பஸ் விமானம் ஒன்று தெற்கிலிருந்து அணுகிக்கொண்டிருந்தது. இறக்கையின் மடிப்புப் பலகைகள் முழுமையாக வெளிவரவில்லை. சிறிது நேரத்தில் அக்கோளாறு நீங்கிற்று. ஆனால் அதற்குள் விமானம் நேரே இறங்க இயலாத அளவுக்கு நிலையத்தை நெருங்கிவிட்டது. திரும்பிச் சென்று மீண்டும் அணுக வேண்டும் என்பது விமானியின் எண்ணம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் கேள்வியும் மறுகேள்வியுமாகப் பேச்சு நீண்டது. ஒருவர் கேட்டது மற்றவருக்கு விளங்கவில்லை. இதற்கிடையில், அரைவட்டமாகத் திரும்பித் தெற்கே போயிருக்க வேண்டிய விமானம் முழுவட்டம் சுற்றி மீண்டும் வடக்கே பறந்தது. கோபுரத்தில் இருந்தவரோ அது தெற்கே இருப்பதாகவே எண்ணியிருந்தார். அதைக் காட்டிக்கொடுக்க அப்போது அங்கே ராடர் கிடையாது. முகிலினூடே லாங்டாங் மலைச்சாரலில், 11,500 அடி உயரத்தில் அது மோதிற்று. இருந்த 113 பேரும் மாண்டனர்.

இரண்டு மாதம் முற்றாக நிறையவில்லை. செப்தெம்பர் 28ஆந் திகதி பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையின் எயார்பஸ் விமானம் கராச்சியிலிருந்து வந்தது. இயந்திரத்திற் கோளாறு எதுவும் இருக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் அது ஒரு படி முந்திவிட்டது. அதாவது, அடுத்த படிக்குரிய உயரத்துக்கு முந்திய படியிலேயே இறங்கிவந்தது. 10 கடல்மைல் தூரத்தில் 9,500 அடியில் இருக்க வேண்டிய விமானம் 8,200 அடியில் இருந்தது. அவ்வுயரத்தை விமானியே வானொலியிற் கோபுரத்துக்கு அறிவித்தார். கேட்டவர் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. கோபுரத்து அலுவலர்கள் விமானிகளைத் திருத்த முற்படுவதற்குத் தயங்கினர் என்று பின்னர் நடந்த விசாரணை குறிப்பிட்டது. தெற்கு மலையில் மோதிய அவ்விமானத்தில் இருந்த 167 பேரில் எவரும் தப்பவில்லை.

இவ்விரு விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று புலனாகும். மலை இரண்டு வேளையிலும் தன் இடத்திலேயே நின்றது; புயலும் இல்லை, இடியும் இல்லை. பிழைத்தவை ஓர் எண்ணும் ஒரு திசையுமே. மலைகளுக்கிடையே விமானம் பறப்பது இரும்பின் வலிமையினால் மாத்திரமன்று; சொல்லும் சொல்லைச் செவ்வையாகச் சொல்வதனாலும், கேட்டவர் அதனை ஐயுற்று மீண்டும் கேட்பதனாலுமே. இதன்பின் யப்பானின் உதவியுடன் ராடர் அமைந்தது. செய்மதிகளின் துணைகொண்டு மலைகளை வளைந்து வரும் மெதுவான சரிவுள்ள புதிய வழியும் பிற்காலத்தில் வகுக்கப்பட்டது. ஆயினும் 2018 மார்ச்சு 12ஆந் திகதி பங்களாதேசத்து விமானம் ஒன்று ஓடுபாதையருகே விழுந்து 51 பேர் இறந்தபோது, ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பதிற் கோபுரத்துக்கும் விமானிக்கும் இடையே நிகழ்ந்த குழப்பமான உரையாடல் மீண்டும் செய்தியாயிற்று. 2024 சூலையில் உள்நாட்டு நிறுவனமொன்றின் சிறிய தாரை விமானம் புறப்பட்டவுடனேயே விழுந்ததில் 18 பேர் இறந்தனர்; விமானி ஒருவரே தப்பினார்.

ஒரே ஓடுபாதை என்பதன் முழுப்பொருளை நேபாளம் 2015ஆம் ஆண்டில் இருமுறை அறிந்தது. மார்ச்சு 4ஆந் திகதி அதிகாலை, இஸ்தான்புலிலிருந்து வந்த துருக்கிய விமானம் மூடுபனியிடையே இறங்கியது. அதன் கணிப்பொறியிற் பதிந்திருந்த ஓடுபாதை முனையின் ஆள்கூறுகள் பிழையானவை. உண்மையான நடுக்கோட்டிலிருந்து 26 மீட்டர் இடப்புறமாக அவை விமானத்தை வழிநடத்தின. விமானம் பாதையை விட்டுச் சறுக்கிப் புல்லிற் புதைந்தது. தெய்வாதீனமாக, இருந்த 235 பேரும் உயிர் தப்பினர். ஆயினும் விமானத்தின் வால் ஓடுபாதைக்கு அருகே நின்றுகொண்டிருந்தது. அத்துணைப் பெரிய உடலைத் தூக்கும் உபகரணம் நேபாளத்தில் இல்லை. இந்தியாவிலிருந்து ஆகாய மார்க்கமாக வரவழைக்க வேண்டியதாயிற்று. நான்கு நாட்கள் ஒரு நாட்டின் சர்வதேச விமானப் போக்குவரத்து முழுவதும் நின்றது. வேறெந்த நாட்டிலும் இது ஒரு விமான நிலையத்தின் செய்தி. நேபாளத்திலோ நாட்டின் செய்தி.

ஏழு வாரங்கள் கழிந்தன. ஏப்பிரில் 25ஆந் திகதி, சனிக்கிழமை, நண்பகலுக்கு நான்கு நிமிடம் இருக்கையிற் பூமி நடுங்கிற்று. ஏறத்தாழ 9,000 மக்கள் உயிரிழந்தனர். ஏரியின் அடிமண் மீது அமர்ந்த நகரம் அது என முன்னர் சொல்லப்பட்டது. நீர் ஊறிய மண் நடுக்கத்திற் கூழாகி, ஓடுபாதை பிளந்துவிடுமோ என்பது பொறியியலாளர் பல்லாண்டுகளாகக் கொண்டிருந்த அச்சம். ஓடுபாதை பிளந்துவிட்டால் உதவி வர வழியே இல்லை. வீதிகளோ மண்சரிவில் மூடப்பட்டிருந்தன. நல்லூழாக ஓடுபாதை நின்றது. சிறிது நேரம் மூடப்பட்ட நிலையம் அன்றே திறக்கப்பட்டது. உதவி விமானங்கள் வரத் தொடங்கின. இந்தியா, சீனா முதலிய அயல்நாடுகளிலிருந்தும், இலங்கையிலிருந்துங்கூட, படையினரும் மருத்துவரும் வந்திறங்கினர்.

இடம் போதவில்லை. பெரிய விமானங்கள் நிற்கக்கூடிய தரிப்பிடங்கள் பத்துக்கும் குறைவு. ஒன்றிலிருந்து பண்டங்களை இறக்கி முடியுமுன்னே அடுத்தது தலைக்குமேல் வட்டமிட்டது; எரிபொருள் குறைந்தவை இறங்காமலே திரும்பிச் சென்றன. கூடாரமும் மருந்தும் சுமந்து வந்த விமானம், இடிபாடுகளுக்கு மேலாகச் சுற்றிவிட்டுச் சுமையுடனே மீண்டு போவதை எண்ணிப் பார்த்தால் இவ்வாயிலின் ஒடுக்கம் விளங்கும். ஒரு வாரத்துக்குப்பின் மற்றுமொரு இடர்: நடுத்தர விமானங்களுக்கென அமைந்த ஓடுபாதை பாரமான விமானங்களின் தொடர்ச்சியான வரவைத் தாங்காது வெடிப்புக் கண்டது. மே 3ஆந் திகதி, 196 தொன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கலாகாது என்று கட்டளை பிறந்தது. அதன்பின் பெரிய விமானங்கள் வேறு நகரங்களில் இறங்கிப் பண்டங்களைச் சிறிய விமானங்களுக்கு மாற்ற நேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு நற்செயலையும் சொல்லாமல் விடுதல் தகாது. காத்மாண்டுவில் என்றோ ஒருநாள் பெருநடுக்கம் வரும் என்பதை அறிந்தோர், உலக உணவுத் திட்டத்தின் முயற்சியாலும் பிரித்தானிய நிதியுதவியாலும், விமான நிலையத்தின் ஓரத்திலே நிவாரணப் பண்டங்களை இறக்கி, வகைபிரித்து, அனுப்புவதற்கான களமொன்றை அமைத்திருந்தனர். அது திறக்கப்பட்டது 2015 மார்ச்சு மாதக் கடைசியில். நடுக்கத்துக்கும் அதற்கும் இடையே இருந்தது ஒரு மாதமே. அக்களம் இல்லாதிருப்பின் அந்நாட்களின் நெருக்கடி எத்துணை மடங்காகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

விபத்தும் நடுக்கமும் அற்ற சாதாரண நாளிலே இங்கு யார் வந்து போகின்றனர்? வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படிப்போர் மலையேறிகளையும், எவரெசுற்றைச் சாளரத்தின் வழியே காட்டித் திரும்பும் காலைநேர விமானங்களையுமே எண்ணுவர். ஆனால் புறப்பாட்டு மண்டபத்தை நிறைப்போர் வேறு மக்கள். கட்டார், மலேசியா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் அவர்கள். நெற்றியிற் செஞ்சாந்துத் திலகமும், கழுத்திற் செவ்வந்தி மாலையும், கையிற் கடவுச்சீட்டு வைத்த உறையுமாக அவர்கள் வரிசையில் நிற்பர். வாயிலுக்கு அப்பால் தாயும் மனைவியும் நின்று பார்ப்பர். 2022-23 நிதியாண்டில் மாத்திரம், புதுப்பித்தவை உட்பட, 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தொழில் அனுமதிகளை நேபாள அரசு வழங்கியது. வெளிநாட்டிலிருந்து உழைப்போர் அனுப்பும் பணம் அந்நாட்டின் மொத்த வருமானத்திற் கால்பங்களவு. கட்டுநாயக்காவிலே விடியற்காலைகளில் மத்திய கிழக்கு விமானத்துக்குக் காத்திருக்கும் வரிசையைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

போனவர் எல்லாரும் நடந்து திரும்புவதில்லை. 2010களில் நாளொன்றுக்குச் சராசரி மூன்று அல்லது நான்கு சவப்பெட்டிகள் இந்நிலையத்துக்கு வந்தன. பாலைவன வெயிலிற் கட்டடவேலை செய்தோர், உறக்கத்திலே இறந்தோர், வீதி விபத்தில் மாண்டோர் எனப் பலவகை. இறந்தோரிற் பெரும்பாலார் நடுவயதும் எட்டாதவர். அப்பெட்டிகள் பிரயாணிகளின் வாயிலால் வருவதில்லை. சரக்குப் பகுதிக்குப் போய்க் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். சிலர் அங்கிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. பசுபதிநாதர் ஆலயத்தின் சுடுதுறை பாக்மதிக் கரையில், ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. சிதைப் புகையும் புறப்படும் விமானமும் ஒரே வானில் எழும்.

இத்தனை சுமையையும் ஒரே வாயில் தாங்கலாகாது என்பதை நேபாளத்தார் அறியாதவரல்லர். கௌதம புத்தரின் பிறப்பிடமாகிய லும்பினிக்கு அணித்தாகப் பைரகவாவில், 2022ஆம் ஆண்டு வெசாக் பூரணையன்று இரண்டாவது சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 சனவரி முதலாந் திகதி பொக்காராவில் மூன்றாவது திறந்தது. அதே மாதம் 15ஆந் திகதி, காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்குச் சென்ற விமானமொன்று இறங்குமுன் விழுந்து 72 பேர் மாண்டது அத்திறப்பின் மகிழ்ச்சியைக் கெடுத்தது. கட்டடங்கள் எழுந்தனவேயன்றி, எதிர்பார்த்த அளவில் வெளிநாட்டு விமானங்கள் அவ்விடங்களை நாடி வரவில்லை. பிரயாணியின் வேலையும் உறவும் அலுவலகமும் தலைநகரில் இருக்க, விமானம் மாத்திரம் வேறிடத்துக்கு ஏன் போகும்?

தெற்கே சமவெளியில், நிச்கட் என்னுமிடத்தில், காத்மாண்டுவுக்கு ஈடாகப் பெரிய விமான நிலையம் அமைக்கும் திட்டமும் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வந்தது. அங்கே மலை இல்லை; மூடுபனி உண்டெனினும் சரிவு இல்லை; எத்தனை ஓடுபாதையும் போடலாம். ஆனால் அவ்விடத்தில் நிற்பது அடர்ந்த சால மரக்காடு. இலட்சக்கணக்கான மரங்களை வெட்டியும், யானைகள் செல்லும் தடத்தை மறித்தும் விமான நிலையம் எழுப்புவதா என வழக்குத் தொடரப்பட்டது. 2022 மே மாதத்தில் நேபாள உயர் நீதிமன்றம் அரசின் அத்தீர்மானத்தை நீக்கி, வேறிடமோ வேறு வழியோ பார்க்குமாறு பணித்தது.

ஆகவே பழைய மேய்ச்சற்றரையிலேயே வேலை நடைபெறுகின்றது. இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி ஊர்ந்து வராமல் விலகிச் செல்வதற்குரிய இணைபாதை நீண்டகாலம் முழுமையாக அமையாதிருந்தது. அதனை நீட்டும் வேலையும், தரிப்பிடங்களைப் பெருக்கும் வேலையும் அண்மை ஆண்டுகளில் நடந்து வந்துள்ளன. வேலை நடக்கும் காலங்களில் இரவு வேளையில் நிலையத்தை மூட நேர்ந்ததும் உண்டு. பெரிய விமானங்கள் வடக்கு நோக்கி இறங்கித் தெற்கு நோக்கி எழும்புவதனால், ஒன்று எதிரெதிரே ஒன்றை நோக்கி வராதபடி ஒவ்வொன்றாகவே விட வேண்டியுள்ளது. அதனாலே காத்மாண்டுவுக்கு வரும் பிரயாணி, நகரத்தை அடைந்துவிட்டோம் என்று எண்ணிய பின்னும், மலைகளுக்கு மேலே அரைமணி நேரம் வட்டமிடுவது புதுமையன்று. வடபுறச் சாளரத்தருகே அமர்ந்தவருக்கு அந்நேரம் பனிமலைகள் தெரியும். நேபாளத்தின் நேரம் கொழும்பு நேரத்துக்குக் கால்மணி முந்தியது. கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டிய அவகாசமும் அவருக்கு அப்போது கிடைத்துவிடும்.